எண்ணியது விந்தணுவை, கேட்காமல் விட்டது ஆளை

1995 ஜனவரி 17, கோபே நிலநடுக்கம். 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதையொட்டி ஃபுகுடா குழுவினர் செய்த ஆய்வுகளைத் திரும்பப் படித்தேன். பாதிக்கப்பட்ட ஆண்களின் விந்தணு அசைவு குறைந்ததாம். ஒன்பது மாதம் கழித்து அந்த மாகாணத்தில் பிறந்தவர்களில் ஆண் குழந்தைகளின் பங்கும் குறைந்ததாம். காரணம் மன அழுத்தமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. தம்பதிகள் நெருங்குவதே குறைந்தாலும் இந்தப் பங்கு மாறலாம் என்றொரு விளக்கம் உண்டு. விந்தணுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவனை? கேட்டால்தானே தெரியும்!

நம்ம ஊர்க் கதையும் இதுதான். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்த தாய்மாருக்கு, கருக்குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனுக்குத் தமிழக அரசு உதவியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் குழாயை இணைத்தால் போதுமா? அதே பிள்ளைகளை இழந்த அப்பன் ஒருத்தன் பக்கத்தில் இருக்கிறானே.

விறைப்புக்கு உடம்பு அமைதியாக இருக்கணும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளே ஆசையைக் குறைக்கும். குடி இன்னும் கெடுக்கும். இதெல்லாம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

நிவாரண முகாமில் "தூக்கம் வருதா?" என்று கேட்கிற டாக்டர், தனியாகக் கூப்பிட்டு இதையும் ஒரு வார்த்தை கேட்கலாம். இல்லையென்றால் அவன் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவரிடம்தான் போய் நிற்பான், அதுவும் நிவாரணப் பணத்தோடு.