நூலில்லாப் பாயிரம்: புற்றுநோய் மகாநாட்டுச் சுவரொட்டிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

சுவரொட்டி என்றதும் தேர்தலும் திரைப்படமுமே நம் நினைவுக்கு வருவன. விஞ்ஞான உலகில் அச்சொல் வேறொரு பொருளும் பெற்றுள்ளது. ஆய்வாளர் தம் ஆய்வின் நோக்கம், முறை, பெறுபேறு, முடிபு ஆகியவற்றை ஒரே தாளில் அமைத்து மகாநாட்டு மண்டபத்தில் மாட்டிவைத்து, அதனருகே நின்று வினாக்களுக்கு விடையிறுப்பர். இவ்வெழுத்து வடிவம் தமக்குப் புறம்பானதென இலக்கிய மாணவர் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. எந்த எழுத்து வடிவமும் ஒரு சமூகத் தேவையிலிருந்தே தோன்றுகின்றது. அத்தேவையை அது நிறைவேற்றுகின்றதா என வினவுவது விமர்சனத்தின் பணியாகும்.

ஆய்வுச் சுவரொட்டியின் வரலாறு நீண்டதன்று. ஐரோப்பிய உயிரிரசாயனச் சங்கங்களின் சம்மேளனம் 1969இல் மட்ரிட் நகரில் நடத்திய கூட்டத்திலும், 1974இல் ஐக்கிய அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் நடைபெற்ற உயிரிரசாயன, உயிர்ப்பௌதிகக் கூட்டத்திலும் அது இடம்பெற்றது. ஆய்வுகள் பெருகின, மேடையும் நேரமும் அவ்வளவிற் பெருகவில்லை. இந்நெருக்கடிக்கு விடையாகவே சுவரொட்டி வந்தது எனலாம். மேடையில் ஒருவர் பேசப் பலர் கேட்பர். சுவரொட்டியின் முன்னோ பேராசிரியரும் இளம் ஆய்வு மாணவரும் முகத்துக்கு முகம் நின்று வாதிடலாம். இவ்வகையில் அது சனநாயகப் பண்பு வாய்ந்த வடிவம் என்பதில் ஐயமில்லை.

ஆயின், அவ்வடிவம் மண்டபத்தை அடையும் வழி நுணுகி நோக்கற்பாலது. 1964இல் தோற்றம் பெற்ற அமெரிக்கச் சிகிச்சைசார் புற்றுநோயியற் சங்கத்தின் ஆண்டு மகாநாட்டை எடுத்துக்கொள்வோம். கூட்டத்துக்குச் சில மாதங்கள் முன்னரே, வரையறுத்த எழுத்தெண்ணிக்கைக்குள், பின்னணி, முறை, பெறுபேறு, முடிபு என்னும் தலைப்புகளின்கீழ் ஆய்வுச் சுருக்கம் ஒன்றை அனுப்புதல் வேண்டும். மேடையிற் பேசுவோர் யார், சுவரொட்டி வைப்போர் யார், அச்சில் மட்டும் இடம்பெறுவோர் யார் என்பதை நடுவர் தீர்மானிப்பது இச்சுருக்கத்தைக் கொண்டே. சுவரொட்டி பின்னரே ஆக்கப்படுகின்றது. எனவே மண்டபத்தில் நாம் காணும் சுவரொட்டி, பெரும்பாலும் நடுவர் கண்ணிற் படாத எழுத்தாகும்.

நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு வழி, நூற்பெயர், நுதலிய பொருள், பயன் முதலாக எட்டுக் கூறுகளை வகுத்தார். ஆய்வுச் சுருக்கமும் ஒருவகைப் பாயிரமே. பாயிரத்தின் பெறுமதி அதன்பின் நூல் இருப்பதிலே தங்கியுள்ளது. முழுமையான ஆய்வுக்கட்டுரையே இங்கு நூல். அந்நூல் வந்து சேர்கின்றதா என்பதே முதன்மையான வினா.

இவ்வினாவுக்கு விடை உண்டு. மேற்கூறிய சங்கத்தின் கூட்டங்களுக்கு 1989 முதல் 1998 வரை வந்த சுருக்கங்களுள், பெருந்தொகை நோயாளரைக் கொண்ட 510 மூன்றாங்கட்டப் பரிசோதனைகளை ரொறொன்ரோ ஆய்வாளர் பின்தொடர்ந்து, 2003இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். அவற்றுள் 26 சதவீதமானவை ஐந்தாண்டு கடந்தும் முழுக்கட்டுரையாக வெளிவரவில்லை. புள்ளிவிபர முக்கியத்துவம் வாய்ந்த பெறுபேறு கண்டவற்றுள் 81 சதவீதம் வெளிவர, அவ்வாறு காணாதவற்றுள் 68 சதவீதமே வெளிவந்தன. ஆய்வாளர் பெரிதும் கூறிய காரணம் நேரமின்மை. மருத்துவத்தின் பல துறைகளையும் தழுவி 2018இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, 307,028 சுருக்கங்களுள் ஏறத்தாழ 37 சதவீதமே முழுவெளியீடு பெற்றன எனக் காட்டிற்று.

பயன் தராத மருந்து பயன் தரவில்லை என்ற செய்தி இன்றியமையாதது. அது மறைந்தால் வேறொரு நாட்டில் வேறொரு குழு அதே மருந்தை வேறு நோயாளருக்குக் கொடுத்துப் பார்க்கும். புற்றுநோயாளரிடம் வீணாக்குவதற்குக் காலமும் உடல்வலுவும் இல்லை.

சுவரொட்டியைச் சீர்திருத்தும் முயற்சிகள் இல்லாமலில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராயிருந்த மைக் மொரிசன், 2019இல் புதிய அமைப்பொன்றை முன்வைத்தார். முக்கிய முடிபை எளிய மொழியிற் பெரிதாக நடுவே எழுதி, விபரங்களை ஓரங்களில் ஒதுக்குவது அவ்வமைப்பு. சிறிய எழுத்தால் நிரம்பிய தாள்களைக் கடந்துபோவோருக்கு இது நன்மையே. எனினும், முடிபு பெரிதாகுமிடத்து அதன் வரம்புகள் சிறிதாகிவிடும் அபாயமும் உண்டு. மேலும், இஃது உருவம் பற்றிய சீர்திருத்தம். நூல் எழுதப்படாமை என்னும் குறையை இது தொடுவதில்லை.

சுவரொட்டி வேண்டாததென்று கூறுவது நியாயமாகாது. வளர்ந்துவரும் ஆய்வாளர் பலருக்கு உலக அரங்கின் வாயில் அதுவே. முடிவடையாத ஆய்வின் பிழைகளை உரிய காலத்திற் சுட்டிக்காட்டக்கூடிய இடமும் அதுவே. குறை, அதனைத் தொடக்கமாகக் கொள்ளாது முடிவாகக் கொள்ளும் மனப்பாங்கிலும், தகைமைப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்ததும் நிறைவடையும் கல்விச் சூழலிலும் உள்ளது. ஆகவே மகாநாடுகளின் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வினா கூடுதலாக இடம்பெறல் வேண்டும்: முன்னர் வைத்த சுவரொட்டியின் ஆய்வு இன்று எந்நிலையில் உள்ளது? பரிசோதனைக்கு உடன்பட்டுக் கையொப்பமிட்ட நோயாளர், தம் அனுபவம் பின்வருவோர்க்குப் பயன்படும் என நம்பியே கையொப்பமிட்டனர். அவர்களுக்குரிய விடை, மகாநாடு முடிந்ததும் சுருட்டி எடுத்துச்செல்லப்படும் தாளோடு நின்றுவிடலாகாது.