நிறுத்திய இடத்தில்தான் கச்சேரி இருக்கிறது

இளையராஜாவின் கச்சேரிக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் கதைகளில், பாட்டு நடுவில் நின்ற கதை அநேகமாக இருக்கும். பாடகர் ஓரிடத்தில் முந்தி நுழைந்திருப்பார், அல்லது ஒரு வாத்தியம் இடம் தவறியிருக்கும். ராஜா கையைத் தூக்குவார். வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ் என்று மொத்த மேடையும் அடங்கிவிடும். எங்கே பிசகியது என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொல்வார். வேறு யாருடைய கச்சேரியிலாவது இப்படி நடந்தால் கூட்டத்தில் முணுமுணுப்புதான் எழும். ராஜாவின் கச்சேரியிலோ கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

அந்தக் கைதட்டலுக்கு என்ன காரணம் என்று யோசித்துப் பார்த்தால் அவருடைய மேடைக் கச்சேரிகளின் பலமும் குறையும் ஒருசேரப் பிடிபடுகின்றன. அவர் பிறந்த கம்பம் பள்ளத்தாக்கில், கச்சேரிகளைப் பதிவாக மட்டுமே கேட்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது.

மேலை நாடுகளில் ஒரு மூத்த ராக் பாடகருக்கு என்ன இடமோ, அந்த இடம் தமிழ்நாட்டில் சினிமா இசையமைப்பாளருக்கு வாய்த்தது. அந்த வரிசையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் பக்கத்தில் மேற்குமலை அடிவாரத்தில் கிடக்கும் பண்ணைப்புரத்தில் பிறந்தவருடையது. 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த அவர், நீண்ட காலம் மேடையில் தோன்றியது மிகக் குறைவு. 2005 அக்டோபர் 16 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த ‘அன்றும் இன்றும் என்றும்’ நிகழ்ச்சிதான் கால் நூற்றாண்டில் அவர் நடத்திய முதல் பெரிய கச்சேரி. அதன் பிறகு 2011 டிசம்பர் 28இல் அதே அரங்கில் ‘என்றென்றும் ராஜா’. 2013இல் டொராண்டோவின் ரோஜர்ஸ் சென்டர், லண்டனின் ஓ2 அரங்கு. 2022 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் ‘ராக் வித் ராஜா’. ஊர்களின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இவை பள்ளத்தாக்கிலிருந்து எவ்வளவு தொலைவில் நடந்தவை என்று. சின்னமனூரில் வாழைத்தோட்ட வேலை பார்ப்பவருக்கும், போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பேறி ஏலக்காட்டுக்குப் போகிறவருக்கும் கச்சேரி என்றால் தொலைக்காட்சியில் வந்தது, செல்போனில் ஓடுவது, பஸ் டிரைவரின் பென்டிரைவில் இருப்பது. பதிவு எப்படியோ அப்படித்தான் அவர்களுக்குக் கச்சேரி.

முதலில் பலத்தைச் சொல்லிவிடலாம். தமிழ்ச் சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இசைக்கருவியைக் காதால் மட்டுமே அறிந்தவர்கள். பாட்டுப் புத்தகத்திலும் கேசட் அட்டையிலும் பாடகர் பெயர் இருந்தது, கவிஞர் பெயர் இருந்தது. இடையிசையில் உருகிய புல்லாங்குழல் யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. மேடை இந்த அநீதியைக் கொஞ்சமாவது சரிசெய்தது. புல்லாங்குழல் நெப்போலியன், கிட்டார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன் என்று பெயர்கள் முகங்களாயின. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வுக்குக் கிட்டார் எடுக்கும்போது, பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் எழுந்துவிடுகிறது. கூட்டம் பல்லவியை மட்டும் கூடப் பாடுவதில்லை, இடையிசையையும் வாயாலேயே வாசிக்கிறது. சொல்லே இல்லாத வயலின் வரியை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சுருதியில் முனகுவது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. நாற்பது வருடமாக இந்த ஜனங்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது பலம், அவருடைய கண்டிப்பு. ராஜாவின் பாட்டில் ஒரு மெட்டும் அதற்குத் துணையாகக் கொஞ்சம் வாத்தியமும் என்ற கணக்கு கிடையாது. பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டில் நடக்கும், வயலின்கள் எதிர்மெட்டில் போகும், குரல் இரண்டுக்கும் நடுவே இழையும். எல்லாவற்றையும் அவரே தாளில் குறியீடாக எழுதித் தருகிறார். இதில் ஒருவர் இடம் தவறினால் மற்றவர்களின் வரி பொருளிழந்துவிடும். அதனால்தான் கை உயர்கிறது. கூட்டத்துக்கு இந்த இலக்கணம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தன் காதில் பல வருடமாக இருக்கும் பாட்டை அதை எழுதியவரும் அதே அளவு மதிக்கிறார் என்பது அந்த நொடியில் புரிந்துவிடுகிறது. கைதட்டல் அதற்குத்தான்.

ஆனால் குறையும் அதே இடத்திலிருந்தே தொடங்குகிறது. ரசிகர் ஒவ்வொரு பாட்டையும் பழைய பதிவோடு ஒத்துப்பார்க்கிறார். அச்சு அசலாக வந்தால் மகிழ்ச்சி, கொஞ்சம் விலகினால் ஏமாற்றம். 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பாலசுப்ரமணியம் மறைந்தார். மலேசியா வாசுதேவனும் ஸ்வர்ணலதாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். எஸ்.ஜானகி 2017இல் மேடையிலிருந்து விடைபெற்றார். அவர்கள் இடத்தில் நிற்கிற இளம் பாடகர்கள் தேர்ந்தவர்கள். ஆனாலும் அவர்கள் மேல் சுமத்தப்படுவது இன்னொருவரின் மூச்சையும் சிரிப்பையும் அப்படியே திருப்பித் தரும் வேலை. அதில் முழு வெற்றி யாருக்கும் கிடைக்காது. தன் குரலால் பாட்டுக்குப் புதிதாக ஒரு பொருள் தரும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பாட்டுப் பட்டியலும் பெரும்பாலும் எண்பதுகளைச் சுற்றியே நிற்கிறது. ‘ஹவ் டு நேம் இட்’ போன்ற தனி இசைத்தொகுப்புகளும், படங்களில் பேச்சே இல்லாத காட்சிகளுக்கு அவர் எழுதிய பின்னணி இசையும் கச்சேரிகளில் பெறும் நேரம் மிகக் குறைவு.

மேடைப் பதிவு வேறு விதமாகவும் இருக்க முடியும் என்பதற்கு உலகத்தில் நல்ல உதாரணங்கள் உண்டு. டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்ததைத் தொகுத்த ‘மேட் இன் ஜப்பான்’ தொகுப்பில், ஸ்டுடியோவில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்த ஒரு பாட்டு சுமார் இருபது நிமிடம் ஓடுகிறது. மேடை அங்கே பாட்டை மறுபடி உருவாக்குகிறது. பாப் டிலன் 1966இல் மான்செஸ்டரில் மின்கிட்டாரோடு பாடியபோது, கோபம் கொண்ட ரசிகர் ஒருவர் கூட்டத்திலிருந்து யூதாஸ் என்று கத்தினார். 1998இல் அந்தக் கச்சேரி முறைப்படி வெளியானபோது அந்தக் கூச்சலும் அப்படியே இருந்தது. அதை வெட்டியிருந்தால் அந்தப் பதிவுக்குப் பாதி மதிப்புதான். இங்கே நம் கர்நாடக சங்கீதத்திலும் ஒரே கீர்த்தனையை ஒரே வித்வான் பாடிய நாலு சபைப் பதிவுகளை ரசிகர்கள் தேடித்தேடிக் கேட்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நிரவலும் ஸ்வரமும் வேறு வேறு என்பதால்தான் அந்தத் தேடல்.

ராஜாவும் இப்படி மாற்றிப் பாடத் தெரியாத இடத்திலிருந்து வந்தவரல்ல. அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவோடு பதின்ம வயதில் புறப்பட்டவர் அவர். கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரப் பாடகரான பாவலர், தெரிந்த சினிமா மெட்டில் அன்றைக்கு வேண்டிய அரசியலைப் புதிதாக எழுதிப் பாடுவார். 1958இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பாட்டு அந்தக் கூட்டத்துக்கானது. அடுத்த ஊரில் சொல் மாறும். இன்றைக்கும் பள்ளத்தாக்கில் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராக்கள் அந்த வழக்கத்தைக் கொஞ்சம் வைத்திருக்கின்றன. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் மேடை போடும் குழுக்களில் ஒன்றை நின்று கேளுங்கள். பத்து வயலின் வேலையை ஒரே கீபோர்டில் பார்ப்பார்கள். பையன்கள் ஆடுகிறார்கள் என்றால் சரணம் முடிந்த பிறகும் தாளத்தை விடாமல் பல்லவியை நாலு தடவை திருப்புவார்கள். சுருதி சில சமயம் சரியிருக்காது. ஆனால் அந்தப் பாட்டு அந்த ராத்திரிக்கே உரியதாக இருக்கும்.

அப்படியானால் ராஜாவும் தன் பாட்டுகளை மேடையில் கலைத்துப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய கலைக்குப் பொருந்தாது. ஒரு ராக் பாட்டுக்கு நாலைந்து ஸ்வரக்கோவைகளும் தாளமும் அடித்தளம், அதன்மேல் யாரும் எவ்வளவு நேரமும் உலாவலாம். ராஜாவின் பாட்டில் அடித்தளம் தொடங்கி உச்சி வரைக்கும் எழுதப்பட்டிருக்கிறது. சிம்பொனியில் யாரும் ஸ்வரத்தை மாற்றுவதில்லை, நடையையும் அழுத்தத்தையும் நடத்துநர் தீர்மானிக்கிறார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அந்த மரபைச் சேர்ந்தது. அவருடைய சினிமாப் பாட்டுகளுக்கும் மேடையில் தரக்கூடிய சுதந்திரம் அதுதான்: எழுதியது எழுதியபடி இருக்கட்டும், பாடுகிறவர் தன் குரலில் பாடட்டும், வாசிக்கிறவர் தன் மூச்சில் வாசிக்கட்டும். 2004இல் இத்தாலியின் மோடெனா நகரத் தியேட்டரில் அவர் நடத்திய கச்சேரி ஒலித்தொகுப்பாகவும் வந்தது. சினிமா நினைவுகள் ஏதுமில்லாத ஒரு சபையின் முன்னால் வைத்தும் அந்த இசை தன் காலில் நின்றது என்பதற்கு அது சான்று.

இதில் பெரும்பாலான ரசிகர்கள் கவனிக்காமல் விடுகிற ஓர் உண்மை உண்டு. அவர்கள் அசல் என்று போற்றும் அந்தப் பழைய ஒலிப்பதிவே ஒரு நேரடிக் கச்சேரி. எழுபதுகளிலும் எண்பதுகளின் பெரும்பகுதியிலும் சென்னை ஸ்டுடியோக்களில் வாத்தியக்காரர்களும் பாடகர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்துதான் பாட்டைப் பதிவு செய்தார்கள். காலையில் கால்ஷீட், ராஜா குறியீடு எழுதித் தருவார், ஒத்திகை, அப்புறம் டேக். கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து எல்லோரும் வாசிக்க வேண்டும். இன்று நாம் மாற்றவே கூடாது என்று நினைக்கும் அந்தப் பாட்டு, ஒரு காலைப்பொழுதின் பதற்றத்தில் பல மனிதர்கள் ஒருவரையொருவர் கவனித்து வாசித்ததில் பிறந்தது. மேடையில் ராஜா கையை உயர்த்தி நிறுத்தும்போது ரசிகருக்குப் பார்க்கக் கிடைப்பது அந்த ஸ்டுடியோ காலைதான். பாட்டு எப்படி உண்டாயிற்று என்பது அதுவரை மூடிய கதவுக்குள் இருந்தது. கதவு திறக்கும் அந்த இடத்தைத்தான் கூட்டம் கைதட்டிக் கொண்டாடுகிறது.

ஆகவே என் முக்கியமான குறை கச்சேரியின் மேல் அல்ல, அது பதிவாகி நம்மிடம் வந்து சேரும் விதத்தின் மேல். பெரிய கச்சேரிகள் தொலைக்காட்சிக்காகப் படம்பிடிக்கப்படுகின்றன. விளம்பரத்துக்கும் நட்சத்திரங்களின் வாழ்த்துரைக்கும் இடம் விட்டுத் துண்டு துண்டாக ஒளிபரப்பாகின்றன. பிறகு பாட்டுப் பாட்டாக இணையத்தில் சிதறுகின்றன. குரலுக்கும் தாளத்துக்கும் கொடுத்த சத்தத்தில் வயலின்களின் எதிர்மெட்டு அமுங்கிவிடுகிறது. எந்தக் கலைஞர் எதை வாசித்தார் என்ற பட்டியல் இல்லை. உரிமைச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பாட்டின் உரிமை இசையமைப்பாளருக்கா, தயாரிப்பாளருக்கா, ஒலிநாடா நிறுவனத்துக்கா என்று வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. மேடையில் பாடுவதற்கான உரிமை குறித்து 2017இல் எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் போனது. படைத்தவருக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்ற ராஜாவின் நிலை நியாயமானது. 2012இன் பதிப்புரிமைச் சட்டத் திருத்தமும் இசையமைப்பாளர்களின் பங்கை உறுதி செய்தது. ஆனால் அந்த நியாயம் நிறைவு பெற வேண்டுமானால், உரிமை கையில் இருப்பவர்கள் நல்ல பதிவை மக்களுக்குத் தரும் கடமையையும் ஏற்க வேண்டும்.

செய்ய வேண்டியது கஷ்டமானதல்ல. ஒவ்வொரு பெரிய கச்சேரியும் தொடக்கம் முதல் முடிவு வரை, வெட்டாமல், ஒலித்தொகுப்பாக வர வேண்டும். ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகக் கேட்கும்படி கலக்கப்பட வேண்டும். வாசித்த ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும். கூட்டத்தின் முனகலும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ராஜா நிறுத்திய இடங்களும், திருத்தியதும், மறுபடி எடுத்ததும் அப்படியே இருக்க வேண்டும். சீராக ஓடும் ஒரு பிரதி வேண்டுமென்றால் பழைய ஒலிப்பதிவே போதும், அதை எந்த மேடையும் மிஞ்சப்போவதில்லை. மேடை மட்டுமே தரக்கூடியது வேலை நடப்பதைப் பார்க்கும் பாக்கியம். அரங்கத்துக்குள் இருந்தவர்களுக்குக் கிடைத்த அந்தப் பாக்கியம், டிக்கெட் வாங்கிச் சென்னைக்கும் லண்டனுக்கும் போக முடியாத பண்ணைப்புரத்துப் பிள்ளைக்கும் குறையாமல் கிடைக்க வேண்டும். இசை படிக்க ஆசைப்படும் அந்தப் பிள்ளைக்குப் பிழையில்லாத பாட்டைவிட, பிழையைத் திருத்தும் பாட்டே அதிகம் கற்றுக்கொடுக்கும்.