வடக்கு நோக்கும் புள்: இரு தூதுப் பாடல்களில் மீட்சியும் இடைத்தங்கலும்

பறவையைத் தூதாக விடுத்தல் தமிழில் நெடிய வரலாறுடைய மரபு. பிற்காலத்தார் அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூதிற்குரியன பத்தென வரையறுத்துக்கொண்டனர். வரையறை வந்தபின் பறவை பறவையாக இருத்தல் குறைந்தது. கிளியைப் பாடினார் அதன் சொல்வன்மையைப் பாடினர். அன்னத்தைப் பாடினார் அதன் நடையைப் பாடினர். அஃது எங்கிருந்து வருவது, எத்திங்களில் எத்திசை நோக்கிச் செல்வது, வழியில் எங்குத் தங்குவது என்னும் வினாக்கள் அந்நூல்களில் எழவே இல்லை. எழாமையால் அவை தாழ்ந்தன என்பது எம் கருத்தன்று. அவற்றின் நோக்கம் வேறு. ஆயின் அவற்றைப் படித்த பழக்கத்தால் முந்தைய பாடல்களையும் அவ்வாறே படித்துவிடுகின்றோம் என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட குறை.

இரண்டு பாடல்களை நோக்குவோம். ஒன்று புறநானூற்றின் 67ஆம் பாட்டு, பிசிராந்தையார் பாடியது. நிலவு எழும் மாலைப்பொழுதில், செயலற்று வருந்தும் புலவர் ஆண் அன்னமொன்றை விளித்து, குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலை நோக்கிச் செல்வாயாயின், இடையிலுள்ள சோணாட்டில் உறையூரில் இறங்கிக் கோப்பெருஞ்சோழனிடம் எம் பெயரைச் சொல். அவன் உன் பேடை அணிய நல்ல கலம் தருவான் என்கின்றார். மற்றொன்று சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டு; தனிப்பாடலாக வழங்குவது. வறுமையால் ஊரை விட்டு மதுரைக்கு வந்து, ஆடையின்றி வாடையில் நடுங்கிக் கிடக்கும் புலவர், இணையாய்ச் செல்லும் நாரைகளை விளித்து, குமரியில் நீராடி வடக்கே மீளும்போது எம்மூர் வாவியில் தங்கி, எம் மனைவிக்கு எம் நிலை உரையுங்கள் என வேண்டுகின்றார். காலத்தால் மிகச் சேய்மைப்பட்ட இவ்விரு பாடல்களும் ஒரே வழியை வரைகின்றன: குமரி, இடையே ஓர் ஊர், வடக்கு.

வகுப்பறையில் இவ்வழி எவ்வாறு விளக்கப்படுகின்றது? குமரி தென்னெல்லை, வடமலை வடவெல்லை, ஆதலின் பறவை நாடு முழுதும் திரிவது என்று கூறி அமைவர். அயிரைக்கு 'மீன்வகை' என்றும் நாரைக்கு 'நீர்வாழ் பறவை' என்றும் எழுதி மேற்செல்வர். எல்லை கூறுவதே நோக்கமாயின் வடக்கினின்று தெற்கே வரும் பறவையை விளித்திருக்கலாம். இருவரும் அவ்வாறு செய்யவில்லை. இருவர் பறவையும் தெற்கை முடித்து வடக்கே திரும்புவது. வலசை என்பது வரவும் மீட்சியும் ஆகிய இரண்டன் தொகுதி; இப்பாடல்கள் மீட்சியைப் பாடுகின்றன. இதனைக் கொள்ளாது விடின் பாட்டின் காலமும் உணர்ச்சியும் ஒருங்கே மறைந்துபோம்.

மீட்சி எளிதிற் கண்ணிற்படுவதன்று. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்ப்புறங்களில் வாழ்வார் இதனை எளிதில் ஆய்ந்து காணலாம். வரவு புரட்டாசி ஐப்பசியில் நிகழும். மழையும் உடன் வருதலின் யாவரும் அறிவர். தைத் திங்களில் ஆர்வலர் பலர் ஏரிதோறும் சென்று எண்ணுகின்றனர். பொங்கல் நாட்களிற் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் தமிழகத்தில் 2015 முதல் நடைபெறுகின்றது. பங்குனியில் எண்ணுவார் சிலரே. அப்போது ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் (2019இல் பூங்காவாகத் திறக்கப்பெற்றது) நின்று நோக்கின், நீலச்சிறகி வாத்தின் கூட்டம் நாளுக்கு நாள் சுருங்குதலைக் காணலாம். மஞ்சள் வாலாட்டி வந்தபோது மங்கிய நிறத்தது. போகும்போதுதான் பொன்னிறம் பெறும். அம்பத்தூரில் வீட்டுப் புழக்கடை முருங்கையில் ஆறு திங்களாகத் தன் இடமென்று கத்திக்கொண்டிருந்த பழுப்புக் கீச்சான் சித்திரையில் ஒருநாள் இராது. புறப்பாட்டிற்கு ஓசையில்லை, இல்லாமையைக் கொண்டே அதனை உணர்தல் வேண்டும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் அவ்வேரியிலேயே நிற்றலின், பறவை அனைத்தும் இருப்பனவாகவே காண்பார்க்குத் தோன்றும்.

இனி நாரை யாது என்பதை ஆராய்வோம். புலவர் தரும் அடையாளங்கள் இரண்டு: காலும் சிவப்பு, அலகும் சிவப்பு. சங்குவளை நாரையின் அலகு மஞ்சள். நத்தைகுத்தி நாரையின் அலகு சாம்பல் நிறத்தது, இடையில் திறப்புடையது. கொக்கினங்கள் இவ்வடையாளத்திற்கு ஒவ்வா. ஆகவே நம் ஏரிகளில் நிலைத்து வாழ்வனவற்றுள் இதற்கு ஒத்தது இல்லை. வலசை வரும் வெண்ணாரைக்கே இரண்டும் பொருந்தும் என்பது பறவையியலார் பலர்க்கும் உடன்பாடு. அஃது ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் தெற்கே வருவது. செருமனியில் வளையமிடப்பட்ட ஒன்று இராசத்தானத்துப் பிகானேரில் கிடைத்ததுண்டு. யாமும் இதனையே கொள்கின்றோம். ஆயினும் ஒரு தடை கூறுதல் கடமை. கருநாரைக்கும் அலகும் காலும் சிவப்பே. அதுவும் வலசை வருவதே. உடலின் நிறத்தைப் புலவர் கூறாமையின் இவ்விரண்டனுள் ஒன்று எனத் துணிதலே பாட்டளவில் முறை. அதற்கு மேற் செல்வது படிப்பவர் விருப்பம்.

அலகிற்குக் கூறிய உவமையே எம்மைப் பெரிதும் ஈர்ப்பது. பிளந்த பனங்கிழங்கின் வடிவை அலகிற்கும், பவளத்தின் நிறத்தை அதன் செம்மைக்கும் புலவர் காண்கின்றார். பாண்டியன் நெடுநாள் தேடிய உவமை இதுவே என்று கூறும் கதையும் உண்டு. உவமையின் அழகைப் பாராட்டினோர் அதன் பருவத்தை நோக்கவில்லை. பனங்கிழங்கு மார்கழி, தைத் திங்கள்களில் அகழப்படுவது. இன்றும் பூவிருந்தவல்லிச் சாலையோரத்திற் கட்டுக்கட்டாக அது விற்கப்படுவது பொங்கலை ஒட்டியே. அவித்ததை நடுவே பிளந்து உட்குருத்தை நீக்கி உண்ணும் எவரும் அவ்விரு கூர்ப்பாதிகளையும் கையிற் கண்டிருப்பர். பசித்த புலவர் நாரையின் வாயைப் பார்த்து நினைவது அக்காலத்து எளியோர் உணவை. வாடையும் அப்பருவத்ததே. ஆகவே பாட்டு நிகழும் காலம் முன்பனி என்பது எம் துணிபு.

இதனால் ஒரு முரண்பாடு தீர்கின்றது. வாடை வீசுங் காலத்தில் நாரை வடக்கே செல்லாது. செல்வது பின்பனி தொடங்கிய பிறகே. இதனைக் கண்டு 'புலவர்க்குப் பறவையின் இயல்பு தெரியாது' என்பாரும் உளராகலாம். அவர் பாட்டின் தொடரமைப்பை நோக்கவில்லை. புலவர் 'இப்போது செல்' என்று கூறவில்லை. குமரிக்குச் சென்று, நீராடி, பின் வடக்கே ஏகும்போது என்றே கூறுகின்றார். மதுரையில் அவர் காண்பது இன்னும் தெற்கு நோக்கும் இணை. அச்செய்தி சத்திமுற்றம் சேர்வதற்கு மாசியேனும் பங்குனியேனும் ஆதல் வேண்டும். அன்றிரவின் நடுக்கத்தை மனைவி அறியும்போது அந்நடுக்கம் கடந்துபோயிருக்கும். அவரே இருப்பாரோ இல்லையோ. விரைந்து செல்லும் தூதர் எவரும் இல்லாதவன் மெல்லச் செல்லும் தூதரை நம்புகின்றான். இவ்வவலம் 'பறவையை விளித்தல் மரபு' என்று கூறுவார்க்குப் புலப்படாது. பாலைக்குரிய காலம் வேனிலும் பின்பனியும் எனத் தொல்காப்பியம் வகுப்பதும், புள் மீளும் காலமும் அதுவேயாதலும், இப்புலவர் பிரிவு பொருள்வயிற் பிரிவேயாதலும் ஒருங்கு வைத்து நோக்கற்பாலன.

அன்னத்தின் செய்தி இத்துணைத் தெளிவுடையதன்று. அன்னம் கற்பனைப் பறவை என்பார் ஒருசாரார். வடமொழி மரபின் நிழல் என்பார் மற்றொருசாரார். மேகதூதத்திலும் அன்னங்கள் மானசம் நோக்கிச் செல்கின்றன அன்றோ என்பர். ஆங்கு அவை செல்வது முகிலின் முழக்கம் கேட்டு, கார்ப்பருவத் தொடக்கத்தில். பிசிராந்தையார் பாட்டில் முகிலும் இல்லை, முழக்கமும் இல்லை. தெளிந்த நிலவுதான் உண்டு. ஆதலின் இது வடவர் மரபின் படி என்பதை யாம் ஒப்போம். பட்டைத்தலை வாத்தே இவ்வன்னம் என்பாரும் உளர். திபெத்து, மங்கோலியா முதலிய உயர்நிலங்களிற் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருவது அது. வடமலைக்கு மீளும் பறவை என்னும் கூற்று அதற்கு வேறெப்பறவையினும் நன்கு பொருந்தும். அதன் உடலிற் செயற்கைக்கோட் கருவி பொருத்தி ஆய்ந்தோர், அது பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் இமயத்தைக் கடக்கின்றது என 2011இல் வெளியிட்டனர். மாலையில் நிலவெழும்போது வானிற் செல்லும் பறவையைப் புலவர் விளித்தது இதனோடு இயைகின்றது. நாரையோ வெயிலில் எழும் வெப்பக் காற்றில் மிதந்து பகலிற் செல்வது.

ஆயினும் அயிரை தடையாக நிற்கின்றது. பட்டைத்தலை வாத்து புல்லும் நெல்லும் மேய்வது, மீனுணவினது அன்று. இத்தடையைச் சொல்லாது கடப்பது ஆராய்ச்சி ஆகாது. பி. எல். சாமி 1976இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' இத்துறைக்கு வழிவகுத்த நூல். அதன்பின் தமிழ்த்துறைகள் இவ்வழியில் நெடுந்தொலை செல்லவில்லை. எம் கருத்து இது: பிசிராந்தையார் அறிந்தது பறவையின் வழியை, அதன் உணவை அன்று. தம் ஊரின் மேல் உயரத்தே வரிசையாய்ச் செல்வதைக் கண்டவர், நெய்தனிலத்துப் புள்ளிற்குரிய உணவை அதற்கும் உரியதாக்கினார். சத்திமுற்றப் புலவரோ அலகின் பிளவையும் காண அருகில் நின்றவர். ஒருவர் சேய்மையிற் கண்டார். மற்றவர் அண்மையிற் கண்டார். தாம் காணாத நண்பனுக்குத் தூதுவிடுபவர் சேய்மைப் பறவையையும், பிரிந்த மனைவிக்குத் தூதுவிடுபவர் அண்மைப் பறவையையும் தேர்ந்தது பாட்டிற்கு ஏற்புடைத்து.

இரு பாடல்களின் உயிரும் 'இடை'யில் உள்ளது என்போம். பறவை நில்லாது சென்றுவிடின் தூதே இல்லை. புலவர் இருவரும் நம்புவது சிறகை அன்று. பறவை இறங்கும் இடத்தை. பின்பனியிலும் நீர் உள்ள குளம் ஒன்று ஊரில் இருத்தல் வேண்டும். அதில் உணவு இருத்தல் வேண்டும். இறங்க அச்சமின்மை வேண்டும். சத்திமுற்றப் புலவர் தம் ஊர் வாவியைச் சுட்டும்போது அது வற்றியிருக்குமோ என ஐயுறவில்லை. இன்று அவ்வையம் எழாது படிக்க இயலுமா? தொழிற்பேட்டை 1964இல் அமைந்தபின் வளர்ந்த அம்பத்தூரில் ஏரி உண்டு. கரையைச் சுற்றிக் குடியிருப்பு நெருங்கிவிட்டது. கழிவுநீர் கலக்கின்றது என்ற முறையீடும் நெடுங்காலமாக உண்டு. செம்பரம்பாக்கம் நகர்க்குக் குடிநீர் தருவதாதலின் காக்கப்படுகின்றது. சிற்றூர்க் குளங்களுக்கு அக்காவல் இல்லை. பூங்காவாக்கப்பட்ட ஏரிகளிற் கரையைச் செங்குத்தாகக் கல்லாற் கட்டிவிடின் ஆழமற்ற விளிம்பு போய்விடும். உள்ளான் வகைகள் நடந்து இரைதேடுவது அவ்விளிம்பில்தான். நடைபாதை நமக்கு நன்று. உள்ளானுக்கு அதனாற் பயனில்லை. உறையூரையும் சத்திமுற்றத்தையும் 'ஊர்ப்பெயர்' என்று மட்டும் குறிக்கும் உரை இவ்விடைத்தங்கலை விட்டுவிடுகின்றது. குளம் வற்றிய ஊருக்கும் அவ்வுரை ஒத்தே செல்லும்.

எஞ்சி நிற்பது பேடை பற்றிய ஒரு வேறுபாடு. சத்திமுற்றப் புலவரின் நாரைகள் இணையாகவே செல்கின்றன. பிரிந்தவர் இணைந்த பறவைகளிடம் வேண்டுகின்றார். பிசிராந்தையாரோ ஆண் அன்னத்தை மட்டும் விளித்து, அதன் பேடைக்குக் கலம் கிடைக்கும் என்கின்றார். அப்பேடை உடன் பறக்கின்றதா, வடமலையிற் காத்திருக்கின்றதா என்று கூறவில்லை. வாத்தினம் குடும்பத்தோடு கூட்டமாகச் செல்வது. பேடை வடமலையில் தனித்திருத்தல் அதன் இயல்பிற்கு மாறு. ஆகவே பேடை அவ்வரிசையிலேயே உள்ளது. புலவர் கண் ஒன்றன்மேல் மட்டும் நின்றது எனக் கொள்ளுதல் வேண்டும். வடமலையிற் காத்திருக்கும் பேடைக்குக் கலம் கொண்டுபோதல் என விரித்துரைப்பார் பொருள் இதனால் விலக்கப்படும்.