முன்றிலும் பேழையும்: கிளீவ்லாந்து ராக் ஹாலின் கோடைக்கால ராக், மெட்டல் நிகழ்ச்சிகள்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரில் அமைந்துள்ள ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம், கோடைக்காலத்தில் தன் முன்றிலில் ராக், மெட்டல் இசை நிகழ்ச்சிகளுக்கு மேடை தருகிறது. பார்வையாளரை ஈர்க்கும் துணைநிகழ்வுகளாகவே இவை பொதுவாக மதிப்பிடப்படுகின்றன. பேழைக்குள் வைக்க இயலாத ஒலியளவு, உடலசைவு, கூட்டம் ஆகிய மூன்றும் காட்சிக்கு வரும் இடம் இம்முன்றிலே என்பதால், இந்நிகழ்ச்சிகள் அருங்காட்சியகத்தின் மையப்பணியைச் சேர்ந்தவை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இசை அருங்காட்சியகம், மெட்டல் இசை, நிகழ்த்துகை, ஆவணமாக்கல், கிளீவ்லாந்து.

முன்னுரை

ஓவியத்தைச் சுவரில் மாட்டினால் பார்வையாளர் காண்பது ஓவியத்தையே. கிதாரைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் அவர் காண்பது கருவியை மட்டுமே, இசை அங்கில்லை. இசை அருங்காட்சியகங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இது. கருவிகள், உடைகள், கையெழுத்துப் படிகள், சுவரொட்டிகள் ஆகியன இசை நிகழ்ந்தமைக்கான சான்றுகளே. இசை என்பது பொருளன்று, செயல் என்னும் கருத்தைக் கிறிஸ்டோபர் ஸ்மால் 1998இல் வெளியான தம் நூலில் விரிவாக நிறுவினார். அக்கருத்தை ஏற்றுக்கொண்டால், இசை அருங்காட்சியகம் எதனைப் பாதுகாக்கிறது என்னும் வினா எழுகிறது. ராக் ஹாலின் கோடைமேடையை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டடம் வகுக்கும் ஒழுங்கு

ராக் ஹால் அறக்கட்டளை 1983இல் தோற்றுவிக்கப்பட்டது. 1986இல் சக் பெர்ரி, எல்விஸ் பிரெஸ்லி, ஜேம்ஸ் பிரவுன், ரே சார்லஸ் உள்ளிட்டோர் முதல் அணியாகச் சேர்க்கப்பட்டனர். ஈரி ஏரிக்கரையில் ஐ. எம். பெய் வடிவமைத்த அருங்காட்சியகக் கட்டடம் 1995 செப்டம்பரில் திறக்கப்பட்டது. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்துக்குக் கண்ணாடிப் பிரமிடு அமைத்த அதே கட்டடக்கலைஞர், இங்கும் கண்ணாடிச் சாய்வுகளையே முகப்பாக்கினார். கலைச்செல்வங்களின் கருவூலத்துக்கு உரிய கட்டட மொழி ராக் இசைக்கும் வழங்கப்பட்டது. இளைஞரின் கலகமாக அறியப்பட்ட இசை மரபுச்செல்வமாக ஏற்கப்பட்டதை இம்முகப்பு அறிவிக்கிறது.

இந்நகரம் ராக் இசையோடு கொண்ட உறவோ வேறு வகையானது. வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீடின் முன்முயற்சியில் 1952 மார்ச் 21 அன்று கிளீவ்லாந்து அரீனாவில் நடந்த மூன்டாக் கொரனேஷன் பால் நிகழ்ச்சி, முதல் ராக் இசை நிகழ்ச்சி என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. அரங்கின் கொள்ளளவை மிஞ்சிக் கூட்டம் திரண்டதால், நிகழ்ச்சி தொடங்கிய சிறிது நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. ஆக, இந்நகரம் பெருமையுடன் நினைவுகூரும் தொடக்க நிகழ்வு, கட்டடம் ஒன்று கூட்டத்தைத் தாங்க இயலாமற்போன நிகழ்வாகும். அந்நினைவைப் போற்றும் நிறுவனம் ஒழுங்கான கண்ணாடிக் கட்டடத்துள் அமைந்திருப்பது ஒரு முரண். கோடையில் முன்றிலில் கூடும் கூட்டம் இம்முரணை ஆண்டுதோறும் வெளிக்கொணர்கிறது.

தாமதமாகத் திறந்த கதவு

முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் கடந்த கலைஞரே ராக் ஹாலில் சேர்க்கப்படத் தகுதியுடையவர். இவ்விதியை மெட்டல் இசைக்குழுக்களோடு பொருத்திப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகிறது. பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1970இல் வெளியானது. அக்குழு சேர்க்கப்பட்டதோ 2006இல்தான். இடையில், 1999இல், தம் குழுவின் பெயரைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு ஆஸி ஆஸ்போர்ன் கடிதம் எழுதினார். 1974இல் முதல் தொகுப்பை வெளியிட்ட ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 2022இல் இடம்பெற்றது. அதுவும் வாக்கெடுப்பின் வழியாக அன்றி, இசைச்சிறப்புக்கான தனி விருதின் வழியாக. அயர்ன் மெய்டன் 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் பரிந்துரைக்கப்பட்டும் அவ்வாண்டுகளில் தேர்வு பெறவில்லை. மெட்டாலிக்கா மட்டும் விதிவிலக்கு. 1983இல் முதல் தொகுப்பைத் தந்த அக்குழு 2009இல், கிளீவ்லாந்திலேயே நடந்த விழாவில் சேர்க்கப்பட்டது.

இத்தாமதத்துக்கு வாக்காளரின் விருப்புவெறுப்பை மட்டும் காரணமாகச் சுட்டுதல் போதாது. நீல இசையிலிருந்தும் நாட்டார் இசையிலிருந்தும் கிளைத்த பாடல்மரபாகவே ராக் இசையின் வரலாறு நெடுங்காலம் எழுதப்பட்டது. பாடலாசிரியரின் சொல்லும் பாடகரின் குரலும் அவ்வரலாற்றில் முதன்மை பெற்றன. ஒலியின் கனத்தையே பொருளாக்கிய மெட்டல் அவ்வளவுகோலுக்குள் அடங்கவில்லை. தீனா வைன்ஸ்டீன் 1991இலும், ராபர்ட் வால்சர் 1993இலும் எழுதிய நூல்கள் வந்த பிறகே இவ்விசை கல்விப்புலத்தில் தனித்த ஆய்வுப்பொருளாக உரம்பெற்றது. எனவே, கட்டடத்தின் உள்ளே தயங்கித் தயங்கி ஏற்கப்பட்ட இசைவகை ஒன்று, அதே கட்டடத்தின் முன்றிலில் முழு ஒலியுடன் நிகழ்வது பொழுதுபோக்கு என்னும் அளவில் கடந்துசெல்லத்தக்கதன்று. உள்ளே தேர்வுக்குழு தீர்ப்பளிக்கிறது. வெளியே கேட்போர் தீர்ப்பளிக்கின்றனர்.

ஒலியளவும் உடலும்

மெட்டல் இசையில் ஒலியளவு அழகூட்டும் புறக்கூறன்று, அதுவே இலக்கணம். ஒலித்திரிபு ஏற்றப்பட்ட கிதாரில் இரு சுரங்களை ஒருசேர மீட்டும்போது, மீட்டப்படாத தாழ்ந்த அதிர்வுகளும் உடன்தோன்றுகின்றன என்பதை வால்சர் விளக்கியுள்ளார். இவ்வதிர்வுகளைச் செவி மட்டுமன்றி மார்புக்கூடும் உணர்கிறது. காதணி ஒலிவாங்கியில் கேட்கும்போது சுரம் கிடைக்கிறது, கனம் கிடைப்பதில்லை.

இதற்குப் பிளாக் சபாத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் வரலாறு தக்க சான்று. பர்மிங்காம் நகரின் உலோகத்தகட்டு ஆலையில் 17 வயதில் நேர்ந்த விபத்தில் அவர் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. செயற்கை விரல்முனைகளையும் மெல்லிய தந்திகளையும் கொண்டு அவர் தம் வாசிப்பை மீட்டார். 1971இல் வெளியான மூன்றாவது தொகுப்பில் தந்திகளைத் தாழ்த்திச் சுருதிகூட்டினார். ஆலைத்தொழிலாளியின் காயம் ஓர் இசைவகையின் ஒலியமைப்பில் பதிந்த வரலாறு இது. அத்தகைய விரல்முனையை ஓர் அருங்காட்சியகம் பேழையில் வைக்கலாம். அதன் விளைவான ஒலியை நிகழ்த்தித்தான் காட்ட இயலும்.

கேட்போரின் உடலும் இவ்வாறே. தலையை முன்னும்பின்னும் அசைத்தல், கையுயர்த்தல், மேடைக்கு முன்னே ஒருவரையொருவர் மோதியாடுதல் ஆகியன இசைக்கு வெளியே நிற்கும் செயல்களல்ல. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் வெகுளியையும் உவகையோடு ஒருங்கே வைத்து எண்ணினார். மெட்டல் நிகழ்ச்சியில் அச்சமும் வெகுளியும் உவகையாக மாறுகின்றன. அம்மாற்றம் கேட்போரின் மெய்யிலேயே வெளிப்படுகிறது. காட்சிக்கூடத்தில் மெல்ல நடந்து, அமைதியாகப் படித்து, தொடாமல் நகரும் பார்வையாளர் முன்றிலில் வேறொரு மனிதராகிறார்.

ஒலியை வெளியே நிறுத்துவதற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு. தொடர் அதிர்வு அரும்பொருள்களுக்கு ஊறு செய்யும் என்பது பாதுகாப்பியலில் ஏற்கப்பட்ட கருத்து. பொது நிகழ்ச்சிகளில் 15 நிமிட அளவீட்டின் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வரையறுத்தது. ஆயினும் நடைமுறைக் காரணத்தால் வெளியே வைக்கப்பட்ட ஒன்று, மதிப்பீட்டிலும் வெளியே தள்ளப்படுவதே சிக்கலாகிறது.

அடக்கப்படுதல் என்னும் எதிர்வாதம்

அருங்காட்சியகத்தின் முன்றிலில் நிகழும்போது மெட்டல் தன் கூர்மையை இழக்கிறது என்பது வலுவான எதிர்வாதம். கோடை வெயில், குழந்தைகளுடன் வரும் குடும்பங்கள், உணவுக்கடைகள், விளம்பர நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் ஆகியவற்றுக்கு நடுவே கலகத்தின் இசை சுற்றுலாப்பொருளாகிறது என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நிறுவனம் தரும் மேடை நிறுவனத்தின் நலனுக்கும் உழைக்கும்.

ஆயினும் திறந்தவெளியும் கோடையும் இவ்விசைக்கு அயலானவை அல்ல. இங்கிலாந்தின் டோனிங்டனில் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் திருவிழா 1980 ஆகஸ்டில் தொடங்கியது. ஜெர்மனியின் வாக்கன் சிற்றூர்த் திருவிழா 1990இல் தொடங்கிக் கோடைக்காலத்தில் நடைபெற்று வருகிறது. இருண்ட அரங்கு மட்டுமே மெட்டலின் இயற்கையிடம் என்னும் எண்ணம் வரலாற்றோடு பொருந்துவதாக இல்லை. வணிகமும் அதற்குப் புதிதன்று. இசைத்தட்டு நிறுவனங்களின்றி இவ்விசை உலகெங்கும் பரவியிருக்க இயலாது. ஆகவே நிகழ்ச்சி தூய்மையானதா என்று வினவுவதைவிட, அந்நிகழ்ச்சியின் நினைவு யாரிடம், எவ்வடிவில் எஞ்சுகிறது என்று வினவுவதே ஆய்வுக்குப் பயன்தரும்.

நினைவின் மூன்று இடங்கள்

ராக் ஹாலின் நினைவு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. ஏரிக்கரைக் கட்டடத்தில் காட்சிப்பொருள்கள் உள்ளன. 2012இல் திறக்கப்பட்ட நூலகமும் ஆவணக்காப்பகமும் கயஹோகா சமுதாயக் கல்லூரி வளாகத்தில் தனியே இயங்குகின்றன. மூன்றாவது இடம் கோடைமுன்றில். ஆவணம் நிலைத்திருக்கும் அறிவு என்றும், நிகழ்த்துமரபு உடல்வழிக் கடத்தப்படும் அறிவு என்றும் டயானா டெய்லர் 2003இல் வகுத்துக்காட்டினார். இவ்வகைப்பாட்டின்படி முதலிரண்டு இடங்களும் ஆவணத்தின்பாற்படும். முன்றில் மட்டுமே நிகழ்த்துமரபைச் சாரும். 2022இல் பன்னாட்டு அருங்காட்சியக அவை ஏற்ற வரையறை, தொட்டுணரத்தக்க மரபையும் தொட்டுணரவியலா மரபையும் அருங்காட்சியகத்தின் பொறுப்பாகவே கூறுகிறது. அவ்வரையறையை முழுமையாக நிறைவேற்றும் வாய்ப்பு முன்றிலிடமே உள்ளது.

இங்கு இழப்புக்குள்ளாகக் கூடியவர்கள் புகழ்பெற்றோர் அல்லர். மெட்டாலிக்காவின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிவுசெய்யப் பலர் உள்ளனர். இசைத்தட்டு வெளியிடாத உள்ளூர்க் குழுவுக்கு 25 ஆண்டு விதி ஒருபோதும் தொடங்குவதே இல்லை. மேடையில் நின்ற ஒரு மாலைப்பொழுதே அக்குழுவுக்கும் ராக் ஹாலுக்குமான ஒரே உறவாக அமையலாம். அம்மாலை பதிவுபெறாவிடில், அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே அக்குழு இல்லாததாகிவிடும். பாடப்பட்டவற்றின் பட்டியல், பங்கேற்றோர் பெயர், ஒலியமைப்பு விவரம், கேட்போரின் வாய்மொழிக் கூற்றுகள் ஆகியவற்றைச் சேகரித்தல் பெருஞ்செலவு கோரும் பணியன்று. அவை காப்பகத்தைச் சேரும்போது கோடைமேடை நிகழ்ச்சி என்னும் நிலையிலிருந்து சேகரிப்பு என்னும் நிலைக்கு உயரும்.

2023இல் தொடங்கிய விரிவாக்கப் பணித்திட்டத்தில் உள்ளரங்க நிகழ்த்துவெளியும் இடம்பெற்றுள்ளது. நிகழ்த்துகை கட்டடத்துக்குள் நுழைவது வரவேற்கத்தக்கது. எனினும், சுவரின்றி ஏரிக்காற்றில் கலந்து, வழிப்போக்கரையும் கேட்போராக்கும் முன்றிலின் இயல்பை உள்ளரங்கம் ஈடுசெய்யாது. இரண்டும் தனித்தனிப் பணிகளைக் கொண்டவை எனக் கருதித் திட்டமிடுதல் தேவை.

முடிவுரை

மெட்டல் இசையை ராக் ஹால் தன் பட்டியலில் ஏற்றுக்கொண்ட வரலாறு தயக்கங்களால் ஆனது. ஒலியளவையும் உடலையும் கூட்டத்தையும் பேழையில் அடக்க இயலாமை அத்தயக்கத்தோடு இணைந்து நின்றது. கோடைமேடை இம்மூன்றுக்கும் இடமளிக்கிறது. நிறுவனத்தின் விளம்பரத்துக்கு அது பயன்படுகிறது என்பதால் அதன் அறிவுப்பெறுமானம் குறைந்துவிடுவதில்லை. நிகழ்ச்சியை ஆவணத்தோடும், ஆவணத்தைக் காட்சியோடும் இணைக்கும் பொறுப்பு அருங்காட்சியகத்துக்கு உரியது. அவ்விணைப்பு நிகழாதவரை, பேழையிலுள்ள கிதாருக்கு வரலாறு எஞ்சும். முன்றிலில் ஒலித்த கிதாருக்கு அன்றைய மாலை மட்டுமே எஞ்சும்.