இரும்பின் பகையே உறவு
கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய இரும்பாலை, சேலத்துக் காந்தக்கல் தாதுவை உருக்கியது. இரும்பென்றால் காந்தம், காந்தமோ மின்தடையே இல்லாத மீக்கடத்திக்குப் பகை. இதுதான் இயற்பியலின் நெடுநாள் பாடம். 2008-இல் ஜப்பானின் ஹிதியோ ஹோசோனோ குழு லாந்தனம், ஆக்சிஜன், இரும்பு, ஆர்சனிக் சேர்மத்தில் கொஞ்சம் ஃப்ளூரினைக் கலந்தது; 26 கெல்வினில் மின்தடை மறைந்தது. பாடம் ஆட்டம் கண்டது.

எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை; மீக்கடத்தவோ அவை ஜோடி சேர வேண்டும். பழைய மீக்கடத்திகளில் படிக அணுக்களின் அதிர்வு அவற்றை ஜோடி சேர்க்கிறது. இந்த இரும்புச் சேர்மத்தில் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த அதிர்வுக்கு அவ்வளவு வலு இல்லை. கலப்படமில்லாத அந்தச் சேர்மத்தில் இரும்பின் தற்சுழற்சிகள், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள், வரிசைவரிசையாக எதிரெதிர்த் திசையில் நிற்கும். ஃப்ளூரின் சேர்ந்ததும் வரிசை குலையும், ஆனால் தற்சுழற்சிகளின் தள்ளாட்டம் ஓயாது. மீக்கடத்தல் தலைகாட்டுவது அப்போதுதான். இங்கே எலெக்ட்ரான்கள் இரண்டு கூட்டங்களாக இருக்கின்றன; ஒன்றில் ஜோடியின் அலைக்குறி கூட்டல், இன்னொன்றில் கழித்தல் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தள்ளாட்டம் தரும் விலக்கமே பிணைப்பாகிவிடுகிறது. என்ன சாமர்த்தியம்! இப்படிக் குறி மாறினால் நியூட்ரான் சிதறலில் ஒரு முகடு எழ வேண்டும். அது 2008-லேயே ஓர் இரும்பு-ஆர்சனிக் சேர்மத்தில் தென்பட்டது.

எலெக்ட்ரான் சுற்றுப்பாதைகளின் அலைவே காரணம், குறி மாறத் தேவையில்லை என்போரும் உண்டு. பொட்டாசியம் கலந்த இரும்பு செலினைடில் அந்த இரண்டாவது கூட்டமே இல்லை. ஆனாலும் 30 கெல்வின் வரை மீக்கடத்துகிறது. இந்த ஆட்சேபம் லேசானதல்ல. எல்லா இரும்புச் சேர்மங்களுக்கும் ஒரே விடை பொருந்தாமல் போகலாம். ஆர்சனிக் சேர்மங்களைப் பொறுத்தவரை என் ஓட்டு காந்தத்துக்கே.