பஞ்சு தண்ணீர் குடிக்காது

நீலகிரியைப் பற்றி எதைப் படித்தாலும் நாலாவது பத்திக்குள் அந்தப் பஞ்சு வந்துவிடும். சோலைக்காடு பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம். நானே இரண்டு தடவை அப்படி எழுதியிருக்கிறேன். போன மார்ச்சில் கோத்தகிரி பக்கம், சித்தப்பா வீட்டுக்குக் கீழே இருக்கிற ஊற்று வற்றிப்போய்க் கிடந்தது. "மேல பூரா மரம்தானே நிக்குது, அப்புறம் ஏன்டா தண்ணி இல்ல?" என்று கேட்டார். மேலே நிற்பது கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். என் பஞ்சு உவமையில் அவருக்குச் சொல்லப் பதில் இல்லை.

பதில் கிளன்மார்கனில் இருக்கிறது. மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊட்டி மையம் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. இரண்டுமே புல்வெளி, மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் சோலை. 1968 முதல் 1971 வரை எதையும் தொடாமல் ஓடைகளை அளந்துகொண்டே இருந்தார்கள். இந்தப் பொறுமைதான் ஆய்வின் பலம். 1972இல் ஒன்றில் மட்டும், 59 சதவீதப் பரப்பில், கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுகளில் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. பிறகு மரங்களை வெட்டி, அடிக்கட்டையில் வந்த துளிரை வளரவிட்டார்கள். இந்தச் சுற்றில் 25.4 சதவீதம் குறைந்தது. 1988, 1998இல் ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜியில் வந்த கட்டுரைகள் இவை. ஆண்டு மொத்தத்தைவிட கோடை ஓட்டத்துக்குத்தான் அடி அதிகம்.

உவமை சறுக்குவது இங்கேதான். பஞ்சு தண்ணீர் குடிக்காது, மரம் குடிக்கும். மண்ணுக்குள் இறங்கிய நீரை ஆழமான வேர் எடுத்து இலை வழியாக ஆவியாக்கிவிடும். ‘காடு என்றால் பஞ்சு’ என்று எழுதி எழுதி, புல்வெளியைக் காலிமனை என்று நினைக்க வைத்துவிட்டோம். அங்கே கன்று நடுகிறவர்களிடம் கேட்டால், தண்ணீருக்காகத்தான் நடுகிறோம் என்பார்கள்.

கிளன்மார்கன் ஆய்விலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஓடை வாயில் எவ்வளவு வந்தது என்று சொல்கிறது. மண்ணுக்குள் எந்த வழியாக வந்தது என்று சொல்வதில்லை. இந்த விஷயத்தில் பனிப்பிரதேசத்து ஆட்களிடம் கற்றுக்கொள்ளலாம். உருகிய நீர் பனிக்குள் எப்படி இறங்குகிறது என்பதற்கு 1972இல் கோல்பெக் ஒரு கோட்பாடு தந்தார். பனித்துகள்கள் கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மிச்சம் ஈர்ப்பு விசையில் கீழே போகும். அழகான, எளிய கணக்கு, ஆனால் பனி எங்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். சாயத்தைத் தெளித்துப் பனியை வெட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு காட்சி தெரிந்தது. நீர் பரவலாக இறங்காமல், விரல் விரலாக, சில தடங்களில் மட்டும் ஓடியிருந்தது. மாதிரிகளில் அந்த விரல்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. உவமையாக இருந்தாலும் சமன்பாடாக இருந்தாலும் வெட்டிப் பார்க்கத்தான் வேண்டும். நம் கட்டுரைகள் அந்த இருட்டான இடத்தைப் பஞ்சால் அடைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன, என்னுடையது உட்பட.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப வெட்டிட்டா தண்ணி வந்துருமா?" என்றார். வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த 25.4.