மறதிநோயும் மருத்துவ உயிலும்

நஞ்சை யாருக்கு, தோப்பு யாருக்கு என்று உயில் எழுதிப் பதிவு செய்வது தஞ்சை வட்டாரத்துக்குப் பழகிய காரியம். கடைசிக் காலத்தில் தன் உடலுக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைப்பவர்கள்தான் அரிது. அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற அமைப்பின் வழக்கில் ஏற்றது. மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனை அதை முடக்கிப்போட்டதால், இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்று 2023 ஜனவரியில் தளர்த்தியது. லிவிங் வில் எனப்படும் இந்த மருத்துவ உயில், வெண்டிலேட்டரில் கிடக்கும் நோயாளிக்குப் பெரிய துணை. டிமென்ஷியா என்னும் மறதிநோய் வந்தவருக்கு இப்போதைய வடிவில் அது பாதிதான் உதவும் என்பது என் கருத்து.

காரணம், உயிலை நிறைவேற்றும் நடைமுறை பெரிய மருத்துவமனையை மனதில் வைத்து உருவானது. முதலில் ஒரு மருத்துவர் குழு, அதன் முடிவைச் சரிபார்க்க இன்னொரு குழு, பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் என்று அது நடக்கிறது. மறதிநோயோ பல ஆண்டுகள் இழுக்கும். நினைவு போய், பேச்சு போய், நடை போய், கடைசியில் விழுங்கும் திறனும் போகும். குழைத்து ஊட்டிய சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். மூக்கில் குழாய் போடுவதா என்ற கேள்வி அப்போதுதான் எழும், பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில். முற்றிய மறதிநோயில் குழாய் உணவு நிமோனியாவைத் தடுப்பதில்லை, ஆயுளையும் நீட்டுவதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம். ஆனால் நெல் விளையும் ஊரில், பெற்றவளைப் பட்டினி போட்டார்கள் என்ற பேச்சை எந்தக் குடும்பம் தாங்கும்? குழாய் வேண்டாம், ஊட்டினால் இறங்குகிற அளவு போதும் என்று அந்தத் தாயே முன்பு சொல்லி எழுதிய ஒரு வரி, ஊர் வாயையும் பிள்ளைகளின் குற்ற உணர்வையும் ஒருசேர அடக்கும். மருத்துவ உயிலின் முதன்மையான பலம் இதுதான்.

ஆவணம் இல்லாதபோது நடப்பதை எல்லோரும் அறிவோம். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்கிறார் மருத்துவர். குடும்பம் கையெழுத்துப் போட்டு அழைத்து வருகிறது. அந்த முடிவு தவறில்லை. வலிக்கு மருந்தோ படுக்கைப் புண்ணுக்குச் செவிலியரோ இல்லாமல் அனுப்புவதுதான் கொடுமை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வரும் வலிநிவாரணச் சிகிச்சை உண்டு. உயிலின் ஒரு பிரதி அப்படி வரும் செவிலியரின் கையில் இருந்தால்தான் காகிதம் கட்டில் வரை வந்து சேரும்.

நிலத்துக்கு ஆசைப்படும் பிள்ளைகள் இதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா? அந்த அச்சம் நியாயமானது. சொத்தில் பங்கில்லாதவர்களைச் சாட்சியாக வைப்பது அதைக் குறைக்கும், ஒழிக்காது. அன்று எழுதியவரும் இன்று கட்டிலில் சிரித்துக்கொண்டு படுத்திருப்பவரும் ஒருவர்தானா என்ற கேள்வி இன்னும் கடினமானது. நெதர்லாந்தில் முன்பு எழுதித் தந்த விருப்பத்தின்பேரில் மறதிநோயாளி ஒருவரின் உயிரை முடித்த மருத்துவர் மீது வழக்கு நடந்து, அது குற்றமல்ல என்று 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடித்தது. நம் சட்டம் உயிரை முடிக்க அனுமதிப்பதில்லை, சிகிச்சையைத் தவிர்க்க மட்டுமே இடம் தருகிறது. ஆனாலும் இன்றைய முகத்தில் தெரியும் நிறைவைப் பழைய காகிதம் மீறக்கூடாது என்றே நினைக்கிறேன்.

ஆகவே எதையெல்லாம் மறுக்கிறோம் என்ற பட்டியலைவிட, நமக்காக யார் பேசுவார் என்று எழுதுவது முக்கியம். அதற்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். வயசானால் அப்படித்தான் என்று மறதியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அந்த வாய்ப்பைத் தின்கிறது. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வு மதிப்பிடுகிறது. பேர் எழுதும்போது வழக்கப்படி திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மூத்த மகன் பேர்தான் முதலில் வரும். நடவுக் கூலியை விட்டுவிட்டு மூன்று வேளையும் ஊட்டி, எந்தக் கவளத்துக்குப் புரையேறுகிறது என்று அறிந்தவள் மருமகள். ஒருவருக்கு மேற்பட்டவர்களை நியமிக்க 2023 உத்தரவு இடம் தருவதால், அவள் பேரையும் எழுத வேண்டும்.